முதல் டிராவல் டிரெய்லர், அதுவும் பழையது: எடை, கசிவு, கக்கூஸ் டேங்க்

கேள்வி, 2024 மார்ச் 3

ஒஹையோவில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். கோடையில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருவார்கள். 2016 மாடல், 24 அடி டிராவல் டிரெய்லர் (காரின் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) ஒன்று 11,500 டாலருக்கு வருகிறது. எடை 4,300 பவுண்டு என்று போட்டிருக்கிறது. எங்கள் டொயோட்டா ஹைலாண்டர் 5,000 பவுண்டு இழுக்கும். ஆக 700 பவுண்டு கையில் மிச்சம். உள்ளே போய்ப் பார்த்தோம், புதுசு மாதிரியே இருக்கிறது. வாங்கிவிடலாம்தானே?

பதில், மார்ச் 3, இரவு

அந்த 700 பவுண்டு மிச்சமே இல்லை.

4,300 என்பது டிரெய்லர் காலியாக நிற்கும்போது உள்ள எடை. இரண்டு புரொப்பேன் சிலிண்டர், நிரப்பினால் ஒவ்வொன்றும் 37 பவுண்டு வரும். பேட்டரி 50, 60 பவுண்டு. தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு, 40 கேலன் டேங்க் நிறைந்தால் 330 பவுண்டுக்கு மேல். அப்புறம் பாத்திரம், அரிசி, போர்வை, மடக்கு நாற்காலி, பிள்ளைகளின் சைக்கிள் என்று நம் வீட்டுச் சாமான் 500 பவுண்டாவது ஏறும். கூட்டினால் 5,250ஐத் தாண்டுகிறது.

அதோடு முடியவில்லை. டிரெய்லரின் முன்பாரம் உங்கள் வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்து மேல் இறங்கும். டங் வெயிட் என்பார்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அது இருந்தே ஆக வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். 12 சதவீதம் வைத்தால் 630 பவுண்டு. 5,000 பவுண்டு இழுக்கும் எஸ்யூவிகளுக்கு அந்த இடத்தில் பெரும்பாலும் 500தான் வரம்பு. உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டிக்குள் ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். டங் வெயிட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும். நான்கு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், மேலே ஒரு 630. நீங்களே கூட்டிப் பாருங்கள். விற்பவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட மாட்டார்.

மார்ச் 4

"தண்ணீரை ஏன் சுமக்க வேண்டும், கேம்ப்கிரவுண்டில் பிடித்துக்கொள்ளலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான், நாங்களும் டேங்கைக் காலியாக வைத்துத்தான் ஓட்டுகிறோம். ஆனால் தண்ணீரைக் கழித்தாலும் 4,930 வருகிறது, டங் வெயிட் 590. 500ஐத் தாண்டியது தாண்டியதுதான். வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் போட்டால் பாரம் முன் சக்கரங்களுக்குப் பகிரும், வண்டி நேராக நிற்கும். அதனால் உற்பத்தியாளர் போட்ட வரம்பு ஏறிவிடாது.

இழுக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இழுத்துவிடும். இறக்கத்தில் நிறுத்துமா என்று கேளுங்கள். டிரெய்லருக்குச் சொந்தமாக எலக்ட்ரிக் பிரேக் உண்டு. உங்கள் வண்டியில் 7 முனை சாக்கெட்டும் பிரேக் கன்ட்ரோலரும் இருந்தால்தான் அது வேலை செய்யும். பின்விளக்குக்கான 4 முனை வயர் மட்டும் போதாது.

மார்ச் 9

நீங்கள் எழுதியதில் எனக்குப் பயம் தந்த வரி எடை இல்லை. "உள்ளே புதுசு மாதிரியே இருக்கிறது" என்பதுதான்.

பழைய டிரெய்லரில் ஃபிரிட்ஜ் போனால் மாற்றலாம், ஏசி போனால் மாற்றலாம். கூரை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே மரச்சட்டம் உளுத்துவிட்டால் அது டிரெய்லரே இல்லை. விலையில் 3,000 குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். சுவரைப் பிரித்துச் சரிசெய்யும் கூலியே வண்டியின் விலையை எட்டிவிடும்.

போகும்போது டார்ச், ஏணி, 30, 40 டாலருக்குக் கிடைக்கும் ஈரமானி எடுத்துக்கொண்டு, பழைய துணி போட்டுக்கொண்டு போங்கள். துணி ஏன் என்றால் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள்.

முதலில் ஏணி. கூரையில் வென்ட், ஸ்கைலைட், ஆன்டெனா, குழாய் எங்கெல்லாம் துளைத்திருக்கிறார்களோ அங்கெல்லாம் சுற்றிலும் சீலன்ட் என்ற அடைப்புப் பசை பூசியிருக்கும். அதில் வெடிப்பு, ஓரம் தூக்கியது, ஒன்றன் மேல் ஒன்றாக நாலு விதமான பசை தெரிந்தால் அந்த வண்டியோடு யாரோ பல வருடம் போராடியிருக்கிறார்கள் என்று பொருள். பிறகு வெளிச்சுவர். ஃபைபர்கிளாஸ் பக்கச்சுவர் என்றால் பக்கவாட்டில் சாய்ந்து நின்று வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளமோ அலையோ தெரிந்தால் உள்ளே ஈரம் ஏறிப் பசை விட்டுவிட்டது. கிளம்பி வந்துவிடுங்கள்.

உள்ளே மேல் அலமாரிகளைத் திறந்து மூலைகளில் கை வையுங்கள். கட்டில் மெத்தையைத் தூக்குங்கள். முன்பக்கச் சாமான் அறையில் தலையை விடுங்கள். வாசற்படி, கக்கூஸ், குளியல் ஓரத் தரையை மிதித்துப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் புது வால்பேப்பர் இருந்தால் அங்கேதான் கதை இருக்கிறது.

நாங்கள் பார்த்த ஒரு டிரெய்லர், பளபளவென்று இருந்தது. உள்ளே நுழைந்ததும் வாசனை மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மனைவி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பின்பக்க பங்க் கட்டிலின் கீழ்த்தட்டில் மண்டியிட்டு, சுவர் மூலையில் கட்டைவிரலால் அழுத்தினேன். வால்பேப்பர் வழவழவென்று கிழியாமல் இருந்தது, விரல் மட்டும் நமத்துப்போன அப்பளத்தில் இறங்குவது போல இறங்கியது. விற்றவர் "எல்லா டிரெய்லரிலும் அப்படித்தான் இருக்கும்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

மார்ச் 10

ஈரமானி பற்றி ஒரு எச்சரிக்கை. ஊசி வைத்த மானி சின்னத் துளை போடும், விற்பவரிடம் கேட்டுவிட்டுக் குத்துங்கள். ஊசி இல்லாத மானி அலுமினியச் சட்டத்தின் மேல் வைத்தால் ஈரமே இல்லாத இடத்திலும் அதிகம் காட்டும். அதைவிட முக்கியம், ஆகஸ்ட் வெயிலில் காய்ந்து நிற்கும் பழைய கசிவு எந்த மானிக்கும் தெரியாது. இன்று ஈரம் இல்லை என்று மட்டும்தான் அது சொல்லும். ஆக, எண் ஒரு பக்கம் இருக்கட்டும், விரலை நம்புங்கள்.

இதற்கென்றே சான்றிதழ் பெற்ற ஆர்வி (இப்படித் தங்கிப் பயணிக்கும் வண்டிகளின் பொதுப்பெயர்) இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். சில நூறு டாலர் ஆகும். விலை ஐந்து இலக்கம் என்றால் அந்தக் காசு வீண் இல்லை.

மார்ச் 16

"டயர் புதுசு மாதிரி இருக்கிறது, பட்டன் எல்லாம் அப்படியே" என்கிறார் இன்னொருவர். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று நின்று வயதாகிச் சாவதுதான் அதிகம். பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2216 என்றால் 2016ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். ஐந்து, ஆறு வருடம் தாண்டிவிட்டால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். பேரம் பேசும்போது இந்தச் செலவைச் சொல்லியே விலை குறைக்கலாம்.

ST என்று போட்டிருப்பதுதான் டிரெய்லர் டயர். அவற்றில் பல 65 மைல் வேகத்துக்குத்தான் தரப்பட்டவை. ஐ-71 நெடுஞ்சாலையில் எல்லோரும் 80இல் பறப்பார்கள், பறக்கட்டும். டயர் வெடித்தால் வண்டி நிற்பதோடு போகாது. கிழிந்த ரப்பர் சுழன்று அடித்துச் சக்கர அறை, வயர், சில சமயம் தரை வரை பிய்த்துவிடும்.

புது டயர் போட்ட பிறகு 10, 25, 50 மைலில் நிறுத்தி டார்க் ரெஞ்சால் நட்டை இறுக்குங்கள். முதல் நிறுத்தத்தில் கால் சுற்று திரும்புவது சகஜம்.

மார்ச் 17

"கோவிட் காலத்து மாடல்கள் மோசமாமே, 2021, 2022ஐத் தவிர்க்க வேண்டுமா?"

2021இல் அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் மேல் ஆர்வி தயாராகி வெளியே போனது. அதற்கு முன் எந்த வருடமும் அத்தனை போகவில்லை. அவற்றில் பெரும்பாலானவை இந்தியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில் கட்டப்படுபவை. ஆள் பற்றாக்குறை, உதிரிபாகப் பற்றாக்குறை, அவசரம், எல்லாம் சேர்ந்து தள்ளிவிட்டார்கள் என்ற புகார் உண்டு. ஆனால் 2014 மாடலிலும் குழாய் கிளாம்பை மாட்ட மறந்த தொழிலாளி இருந்திருப்பார். மாடல் வருடத்தைப் பார்த்து வாங்குவதும் ஜாதகம் பார்த்து வாங்குவதும் எனக்கு ஒன்றுதான். முதல் ஓனர் மூன்று வருடம் குறைகளைச் சரிசெய்து, ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தால், 2021 ஆனாலும் நான் வாங்குவேன்.

மார்ச் 24

டைட்டில், அதாவது வண்டி யாருடையது என்று சொல்லும் பத்திரம். ஒஹையோவில் விற்பவர் நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த டைட்டிலை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கவுன்டி டைட்டில் அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போய்விட்டால் வேலை முடிந்தது, வரியும் அங்கேயே கட்டிவிடலாம். டைட்டிலில் உள்ள VIN எண்ணும் (வண்டியின் அடையாள எண்) டிரெய்லரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று இலக்கம் இலக்கமாகப் பாருங்கள். பேங்க் கடன் பாக்கி என்றால் அது தீர்ந்த பிறகுதான் காசு.

ஏப்ரல் 20

கேள்வி கேட்டவர் 24 அடியை விட்டுவிட்டார். 19 அடி, காலி எடை 3,400 பவுண்டில் ஒன்று வாங்கியிருக்கிறார். ஆறு பேர் போவது என்றால் பெற்றோருடன் இரண்டாவது கார் வரும் என்றும் ஏற்பாடு. சரி, இனி வேலை.

நல்ல தண்ணீர் டேங்கை முதலில் சுத்தம் செய்யுங்கள். 15 கேலனுக்குக் கால் கப் கணக்கில் வாசனையில்லாத ப்ளீச், தண்ணீரில் கலந்து ஊற்றி, எல்லாக் குழாயிலும் ப்ளீச் வாடை வரும்வரை திறந்துவிட்டு, ஒரு இரவு ஊறவிடுங்கள். பிறகு வாடை போகும்வரை அலசுங்கள்.

ஹீட்டரில் தண்ணீர் நிறைந்து, சுடுதண்ணீர்க் குழாயில் சீராக வருகிறது என்று பார்க்காமல் எலக்ட்ரிக் சுவிட்சைத் தொடாதீர்கள். காலி டேங்கில் எலிமென்ட் சில நிமிடத்தில் கருகும். சபர்பன் கம்பெனி ஹீட்டர் என்றால் ஆனோட் கம்பி இருக்கும். டேங்கை அரிக்கவிடாமல் தான் கரைவது அதன் வேலை, முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றுங்கள். 1 1/16 அங்குல சாக்கெட் வேண்டும். கழற்றும் முன் ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, பிரஷரை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் கொதிநீர் நேராக முகத்துக்கு வரும். ஆட்வுட் கம்பெனி ஹீட்டரில் டேங்க் அலுமினியம், ஆனோட் கிடையாது, தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

கேஸ் அலாரத்தைத் திருப்பித் தேதி பாருங்கள். ஐந்து முதல் ஏழு வருடம்தான் அதன் ஆயுள். பச்சை விளக்கு எரிகிறது என்பதால் அது மோப்பம் பிடிக்கிறது என்று அர்த்தமில்லை.

சக்கர பேரிங் கடைசியாக எப்போது கிரீஸ் போட்டது என்று முன் ஓனருக்குத் தெரியாவிட்டால், போடவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் ஒருமுறை அல்லது 12,000 மைல்.

மே 27

மெமோரியல் டே வாரம், ஹாக்கிங் ஹில்ஸ் பக்கம். சமையல் பற்றிக் கேட்டவர்களுக்கு.

30 ஆம்பியர், 120 வோல்ட் என்றால் மொத்தம் 3,600 வாட்தான். ஏசி ஓடும்போது 12 முதல் 15 ஆம்பியர். இன்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 15. ஹீட்டர் எலிமென்ட் இன்னொரு 12. மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழும், சாம்பார் பாதியில் நிற்கும். எங்கள் வீட்டில் சட்டம்: மிக்சி ஓடும் ஒரு நிமிடம் ஏசி அணையும். ஹீட்டரை கேஸில் வைத்துவிட்டால் நிம்மதி.

தாளித்தால் புகை அலாரம் அலறும். பேட்டரியைப் பிடுங்காதீர்கள், தாளிப்பை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சில டிரெய்லரில் பக்கவாட்டில் வெளி அடுப்புக்கு கேஸ் இணைப்பு உண்டு, அது குறைந்த அழுத்தம். கடையில் வாங்கும் கேம்ப் அடுப்புக்குச் சொந்த ரெகுலேட்டர் இருப்பதால் அதில் சொருகினால் சுடர் மினுக்மினுக் என்றுதான் வரும். தனி சிலிண்டரில் வையுங்கள்.

இட்லி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூடிய டிரெய்லரில் இட்லி ஆவி போகும் இடம் ஜன்னலும் அலமாரிச் சுவரும்தான். கசிவுக்காகக் கூரையைத் தடவிவிட்டு உள்ளேயே மழை பெய்ய வைக்கக் கூடாது. கூரை விசிறியைப் போட்டு எதிர்ப்பக்க ஜன்னலை ஓர் அங்குலம் திறந்தால் போதும்.

காலை ஏழு மணிக்குக் குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது பக்கத்து சைட்காரர் காபிக் கோப்பையோடு வந்து, "எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். பொங்கல் கொடுத்தோம். மறுநாள் அவரே விசிலை எண்ணிக்கொண்டிருந்தார்.

மே 29

யாரும் வாய்விட்டுக் கேட்காததால் நானே எழுதுகிறேன். நாம் கழுவுகிறவர்கள். கக்கூஸ் கழிவு சேரும் பிளாக் டேங்க் அதைத் தாங்குமா?

நன்றாகத் தாங்கும். பிளாக் டேங்குக்கு எதிரி தண்ணீர்க் குறைவுதான். பேப்பர் நிறையப் போட்டு, தண்ணீரை மிச்சம் பிடித்து, வால்வையும் திறந்தே வைத்துக்கொள்கிறவர்களுக்குத் திரவம் வடிந்து போய், திடமானது குழாய்க்கு நேர் கீழே கோபுரம் கட்டும். பிறகு அது கரையாது. ஆகவே தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள முழு ஹூக்கப் சைட்டிலும் பிளாக் வால்வு மூடியே இருக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் திறந்து ஒரே வேகத்தில் விடுங்கள். அது முடிந்ததும் சிங்க், குளியல் தண்ணீர் சேரும் கிரே டேங்கைத் திறந்தால் சோப்புத் தண்ணீரே குழாயை அலசிவிடும். விட்டதும் இரண்டு மூன்று கேலன் புதுத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சொம்பு வைத்துக் கழுவுவதால் டேங்க் சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான் நஷ்டம். ஹேண்ட் ஷவர் மாட்டினால் வேலை முடிந்ததும் வால்வை மூடுங்கள், அது சொட்டிச் சொட்டியே டேங்கை நிரப்பும்.

எங்கள் வீட்டில் முதலில் திணறுவது கிரே டேங்க்தான். பாத்திரம் தேய்க்கும் தண்ணீர். எண்ணெயை டிஷ்யூவில் துடைத்துக் குப்பையில் போடுங்கள், சோற்றுப் பருக்கைக்கு சிங்கில் வடிகட்டி.

ஜூலை 6

ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று கேட்டவருக்கு: கேஸிலும் ஓடும் வகை என்றால் முதலில் டிரெய்லர் மட்டமாக நிற்கிறதா பாருங்கள். அதில் கம்ப்ரெசர் கிடையாது, அம்மோனியா புவியீர்ப்பில்தான் சுற்றி வருகிறது. சாய்வாக ஓடவிட்டால் குளிரூட்டும் பகுதியே கெடும். பின்பக்கம் மஞ்சள் தூளோ அம்மோனியா நெடியோ இருந்தால் அணைத்துவிடுங்கள், அது முடிந்த கேஸ்.

ஆகஸ்ட் 18

கூரைக்கு ஏறும் வேலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். மட்டமான இடத்துக்குத் தானே பரவும் டைகார் வகை சீலன்ட், செங்குத்தான ஓரத்துக்கு வழியாத வகை. பெரிய கிழிசலுக்கு எடர்னாபாண்ட் டேப், ஆனால் ஒட்டியபின் உரிக்க வராது, யோசித்து ஒட்டுங்கள். சாதாரண சிலிகான் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தானாக ஒருநாள் விடும், விட்ட இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. மார்ச்சில் நான் சொன்ன நாலு விதப் பசைக் கூரை அப்படி உண்டானதாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 19

முதல் உறைபனிக்கு முன்னால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. எல்லா டேங்கையும் ஹீட்டரையும் காலி செய்து, தண்ணீரை ஹீட்டருக்குள் விடாமல் தாண்டிப் போக வைக்கும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டு, பம்ப் வழியாக இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை இழுத்து, ஒவ்வொரு குழாயிலும் நிறம் வரும்வரை திறங்கள். சூடு, குளிர் இரண்டும். ஷவர், வெளி ஷவர், கக்கூஸ் ஃபிளஷ், எதையும் விட்டுவிடாதீர்கள். சிங்க் வடிகாலிலும் ஒரு கப். பைபாஸ் இருந்தால் இரண்டு மூன்று கேலனில் முடியும். இல்லையென்றால் ஹீட்டரே ஆறு கேலன் குடிக்கும்.

"கார் ஆன்டிஃப்ரீஸ் வீட்டில் இருக்கிறதே?" அது எத்திலீன் கிளைகால், விஷம். குடிதண்ணீர்க் குழாயில் விடாதீர்கள். ஆர்விக்கு விற்பது புரொப்பிலீன் கிளைகால், வேறு சரக்கு.

காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றுகிறவர்கள் 40 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் போகாதீர்கள்.

நவம்பர் 2

"ஹோட்டல் செலவு மிச்சமாகுமா?" ஆகாது. நிறுத்தும் வாடகை, இன்சூரன்ஸ், டயர், சீலன்ட், இழுக்கும்போது குடிக்கும் பெட்ரோல். வாங்கும் முன் உங்கள் எச்ஓஏ (குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கம்) விதிகளைப் படியுங்கள், டிரைவ்வேயில் நிறுத்த விடமாட்டார்கள் பலர். நாங்கள் இதை வைத்திருப்பது பிள்ளைகள் காட்டில் தங்க வேண்டும், ஆனால் மனைவிக்கு அவளுடைய கக்கூஸ் வேண்டும் என்பதால். காசுக் கணக்கு பார்க்கிறவர் கூடாரம் வாங்கலாம்.

பேட்டரி 12.2 வோல்ட் என்றால் பாதி காலி. குளிர்காலத்தில் கழற்றி உள்ளே வைத்துச் சார்ஜ் போடுங்கள்.

2025 ஏப்ரல் 12

வீட்டில் 30 ஆம்பியர் அவுட்லெட் போட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடப் போகிறேன் என்று எழுதியவர், இதைப் படிக்காமல் கூப்பிடாதீர்கள்.

டிரெய்லர் பிளக்கின் பெயர் TT-30. மூன்று முனை, பருமனாக இருக்கும். துணி உலர்த்தும் டிரையருக்குப் பழைய வீடுகளில் இருக்கும் 30 ஆம்பியர் பிளக்கும் பார்க்க அந்த ஜாடைதான், அது 240 வோல்ட். ஆர்வி வேலை செய்து பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன், "30 ஆம்பியர் என்றால் 240தானே" என்று இரண்டு ஹாட் (மின்சாரம் வரும்) வயரையும் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. TT-30 என்பது 120 வோல்ட், ஒரே ஒரு ஹாட், ஒரு நியூட்ரல், ஒரு கிரவுண்ட். 240 போனால் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் போர்டு, ஏசி எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

பிரேக்கர் பெட்டியில் அவர் மாட்டியது ஒற்றை பிரேக்கரா என்று பாருங்கள், இரட்டை என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். அவர் இருக்கும்போதே மல்டிமீட்டர் வையுங்கள்: இரண்டு சாய்ந்த முனைகளுக்கு நடுவே 120, ஹாட்டுக்கும் உருண்டை முனைக்கும் 120, நியூட்ரலுக்கும் உருண்டைக்கும் பூஜ்யம். மூன்றும் சரியாக வந்த பிறகு அவருக்குக் காசு கொடுங்கள்.